காந்த அறையும் ஒரு முழம் நூலும்

புது மெஷின் வரப்போகிறதாம். அதற்கு முன் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று ஸ்கேன் பிரிவிலிருந்து கேட்டார்கள். மெஷினைப் பற்றி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் ஓய்வு பெற்றுச் செமோரில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கும் இந்தச் சில வருஷத்திலேயே எனக்குத் தெரிந்ததெல்லாம் பழசாகிவிட்டது. அதனால் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். பெயர் கோகிலா, பாகான் டத்தோக்காரி. இந்தக் கதையை நான் வெளியே அதிகம் சொன்னதில்லை. சொன்னால் சிலர் பேய்க்கதை என்பார்கள், சிலர் கிழவனுக்கு வயசாகிவிட்டது என்பார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்காது.

அது நடந்தபோது எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஈப்போவில் நம் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் புது எம்.ஆர்.ஐ. மெஷினைப் பொருத்தியிருந்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காக கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு வாரம் முழுக்க என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெள்ளைக்காரத் தொரையின் கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்துச் சின்ன வயதிலேயே எனக்கு எரிச்சல். நான் படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, ஆங்கிலத்தில் பேசுகிறவன்; எனக்கு அந்த வேலையெல்லாம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வாரம் நானும் அப்படித்தான் நின்றேன். என்னிடம் சைக்கிள்தான் இல்லை.

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கோகிலாவும் அவர் கணவர் மணியமும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வலது கை விரல்கள் மரத்துப்போய்ப் பாத்திரமெல்லாம் கைநழுவி விழுகிறது, கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். மணியம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். விடியற்காலையில் கிளம்பி அவரேதான் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த மூன்று ஊக்குகளையும் அந்த அம்மா கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"ஊக்கெல்லாம் எடுத்துட்டேன் அண்ணே. இது தங்கம்தானே, இருக்கட்டும்லா."

"கழுத்தத்தான எடுக்கப் போறோம். சங்கிலி கெடந்தா படம் சரியா விழாதும்மா. கழட்டத்தான் வேணும்."

"அப்ப ஒரு நூலு குடுங்க. மஞ்சக் கெழங்கு கையோட கொண்டாந்திருக்கேன். அவரு கட்டி விடுவாரு, கட்டுனதும் இதக் கழட்டிடறேன். பத்து நிமிசந்தான். கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது அண்ணே, ஒரு நிமிசங்கூட."

இதைக் கவனமாகப் படியுங்கள். என் முட்டிக்கு நேரே இருந்த இழுப்பறையில் கட்டுப்போடும் பருத்தி நாடா ஒரு சுருள் கிடந்தது. பருத்தி நூலையும் மஞ்சள் கிழங்கையும் காந்தம் சட்டை செய்யாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த நோயாளி இன்னும் வந்து சேரக்கூட இல்லை.

பின்னாலிருந்து வெள்ளைக்காரர், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். ஒன்றுமில்லை, பழைய மூடநம்பிக்கை, இதோ சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது லேசாகச் சிரித்தும் வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். "இது ஆஸ்பத்திரிம்மா, கோயில் இல்ல. இந்தக் காலத்துலயும் இப்படியா?"

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. சங்கிலியின் திருகைத் திருகப் பார்த்தார், மரத்த விரல்களால் முடியவில்லை. மணியம் உதவிக்குக் கை நீட்டினார். அந்த அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்தார். "நீங்க வேணாம். உங்க கையால வேணாம்."

எங்கள் நர்ஸ் காக் ஜாரா அப்போது பக்கத்து அறையில் இன்னொரு நோயாளியோடு இருந்தார். இருபது வருஷம் என்னோடு வேலை செய்த மலாய்க்காரப் பெண்மணி; காக் என்றால் அக்கா. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நானே திருகைக் கழற்றிவிட்டேன். மணியம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விடு கோகி, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

சங்கிலியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெயர் ஒட்டி மணியத்தின் கையில் கொடுத்தேன். அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவரு இந்தக் கதவுகிட்டயே உக்காந்திருக்கட்டும். எங்கயும் அனுப்பாதீங்க." சரி என்றேன். மணியம் கதவுக்கு வெளியே நடைபாதையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நடைபாதைப் பக்கம் சன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. அதற்கும் மேலே காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஹெட்போன், இவை எல்லாவற்றுக்கும் மேல் மெஷின் போடும் கூச்சல். குழாய்க்குள் படுத்திருப்பவருக்குத் தன் மூச்சுச் சத்தமே கேட்காது. நான் உட்காருகிற இடத்தில், கண்ணாடிக்கு மேலே, நடைபாதையைக் காட்டும் கேமராத் திரை ஒன்று இருந்தது. அதில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது.

பதினைந்து நிமிடம் போயிருக்கும். கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டையை அந்த அம்மா அழுத்தினார். மணி அடித்தது. ஸ்கேனை நிறுத்திவிட்டு மைக்கில் கேட்டேன்.

"என்னம்மா, மூச்சு முட்டுதா?"

"அவரு விழுந்துட்டாரு."

அதில் பதற்றமே இல்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று சொல்வார்களே, அந்த மாதிரிதான் சொன்னார். நான் தலை தூக்கித் திரையைப் பார்த்தேன். மணியம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பிளாஸ்டிக் உறையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, நல்லா உக்காந்திருக்காரு. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அசையாம இருங்க, முக்காவாசி முடிஞ்சிருச்சி."

"விழுந்துட்டாரு அண்ணே. போயிப் பாருங்க."

என்ன சொல்கிறார் என்று வெள்ளைக்காரர் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். திரையில் மணியம் தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தார். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்போமே, அப்படி. பிறகு தரையில் கிடந்த எதையோ எடுக்கப்போகிறவர் போல இடப்பக்கமாக மெல்லச் சாய்ந்தார். சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மூன்று நொடி நான் ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் விழுந்துவிட்டாரே என்று நான் உறைந்துபோகவில்லை. விழுவதற்கு முன்பே அந்த அம்மா சொல்லிவிட்டார், அதில்தான் என் கைகால் விறைத்துப்போனது.

அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. அந்த அம்மா படுத்திருக்கும் மேசையை வெளியே இழுங்கள் என்று வெள்ளைக்காரரிடம் சொல்லிவிட்டு நடைபாதைக்கு ஓடினேன். மணியத்துக்கு நாடி இல்லை. நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். காக் ஜாரா ஓடிவந்து என் இடத்தை எடுத்துக்கொண்டார். புது டாக்டர் ஒருவர் அவசரத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்கு அடியில் ஆக்சிஜன் சிலிண்டர், முழு இரும்பு. நடைபாதையில் நோயாளிகளும் சொந்தக்காரர்களுமாக ஒரே கூட்டம். அந்த டாக்டர் பக்கத்தில் இருந்த பெரிய கதவைப் பார்த்தார்.

"உள்ள நல்ல இடம் இருக்கு. அவரத் தூக்குங்க, வண்டியையும் உள்ள தள்ளுங்க."

அதே நொடியில் உள்ளேயிருந்து கதவின் கைப்பிடி திரும்பியது.

அந்தக் காந்தத்தை விளக்கை அணைப்பதுபோல அணைக்க முடியாது. வண்டி உள்ளே போயிருந்தால் சிலிண்டர் பறந்துபோய் வழியில் நிற்பவர் மேல் மோதியிருக்கும். வழியில் நின்றவர் கோகிலா. நான் முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்துக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தள்ளிப் போ, அந்தப் பக்கம் கொண்டு போ" என்று டாக்டரைப் பார்த்துக் கத்தினேன். வாழ்நாளில் ஒரு டாக்டரை நான் ஒருமையில் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

உள்ளேயிருந்து அந்த அம்மா உள்ளங்கையால் கதவைத் தட்டினார். கைப்பிடி திரும்பியதில் கதவு ஒரு விரற்கடை விலகியிருந்தது; ஒவ்வொரு தட்டும் என் முதுகில் தெரிந்தது, குரலும் இடுக்கு வழியே வந்தது. அழுகையும் இல்லை, அலறலும் இல்லை. ஓர் அடி, பிறகு ஒரு "அண்ணே." இன்னோர் அடி, இன்னொரு "அண்ணே." என் காலடியில் அவருடைய கணவரின் நெஞ்சு எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நான் திறக்கவில்லை.

நெஞ்சில் மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டாவது முறை நாடி திரும்பியது. அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, அதுவும் வண்டியும் தரையில் எல்லையாகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கதவை விட்டேன்.

அந்த அம்மா கணவர் பின்னால் ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்று கழுத்தைத் தாழ்த்தினார்.

"போடுங்க. நீங்கதான கழட்டுனீங்க."

பெஞ்சுக்கு அடியில் விழுந்து கிடந்த உறையைக் காக் ஜாரா எடுத்து வந்து சங்கிலியை என்னிடம் நீட்டினார். என் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. கழற்றும்போது நான் யோசிக்கவே இல்லை. போடுவதென்றால் ஒரே ஒருவர்தான் போடலாம், அவரை இப்போதுதான் உருட்டிக்கொண்டு போகிறார்கள். நான் கையை இறக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பியார் சாயா" என்றார் காக் ஜாரா. நான் செய்கிறேன், விடு என்று அர்த்தம். நெற்றி வியர்வையைத் தலையில் கட்டியிருந்த தூடோங் துணியின் முனையால் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் கூந்தலை ஒதுக்கி, ஒரே தடவையில் திருகை மாட்டினார். அதன் பிறகுதான் கோகிலா ஓடினார்.

தம்பிகளா, தங்கச்சிகளா, அன்றைக்கு நான் அந்த அம்மாவுக்கு இரண்டு முறை முடியாது என்றேன். கதவைத் திறக்க மாட்டேன் என்றது ஒன்று. அதை நாளைக்கே மறுபடியும் சொல்வேன், நீங்களும் சொல்லுங்கள். அது காந்தத்தின் சட்டம், அதற்குக் கிழக்கும் தெரியாது மேற்கும் தெரியாது. நூல் கட்ட விடமாட்டேன் என்றேனே, அது எந்தக் கையேட்டிலும் இல்லை. பின்னால் நிற்கிறவர் என்ன நினைப்பாரோ என்று நானாகப் போட்ட சட்டம். அதை நவீனம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

மறுநாள் காலை வெள்ளைக்காரர் என்னிடம் கேட்டார், அந்தப் பெண் என்னதான் கேட்டார் என்று. இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன். "நூல் என்று நீ சொல்லவே இல்லையே" என்றார். அப்போது அவர் இடது கை மேசை மேல் இருந்தது. விரலில் கல்யாண மோதிரம். அந்த வாரம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் காந்த அறைக்குள் போய் வந்துகொண்டிருந்தார். நானும் தினமும் பார்த்தேன். கழற்றுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

கேமராத் திரை தாமதமாகக் காட்டியிருக்கலாம் என்றார் அவர். நல்ல யோசனை, எனக்கும் மூச்சு வந்தது. அவர் வெளியே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்கினார், நான் உள்ளே நின்று எண்ணினேன். கிட்டத்தட்ட இரண்டு நொடிதான் தாமதம். பத்து முறை செய்து பார்த்தோம். அந்த அம்மா உருண்டையை அழுத்தி, நான் நிறுத்தி, இரண்டு பேரும் பேசி முடிப்பதற்கு அரை நிமிடமாவது ஆகியிருக்கும். வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். ஏ.சி. போதும், குறைத்துவிடலாமா என்று கேட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

நம் பிரிவுத் தலைவிக்கு அறிக்கை எழுத வேண்டும். யாழ்ப்பாணக் குடும்பத்து டாக்டர், லண்டனில் படித்தவர், ஒரு சொல் கூடுதலாகப் பேசமாட்டார். நான் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன். இரண்டு முறை படித்தார்.

"நோயாளி ஸ்கேனை நிப்பாட்டச் சொன்னவ எண்டு மட்டும் எழுதும். மற்றதுக்கு இந்தப் படிவத்தில இடம் இல்லை."

"டாக்டர், நீங்க நம்புறீங்களா?"

"அது வேற கதை. நூலை ஏன் குடுக்கேல்லை? அதைச் சொல்லும்." அவர் பேனாவை மூடினார். "லண்டனில நான் பொட்டு வச்சுக்கொண்டுதான் வேலைக்குப் போனனான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இஞ்ச வந்த பிறகு எங்கட ஆக்கள்தான் கேட்டவை, டொக்டர் இன்னும் ஏன் இதெல்லாம் எண்டு."

அன்று மாலையே புந்தோங்குக்குப் போய் மஞ்சள் நூல் ஒரு பந்து வாங்கி வந்து இழுப்பறையில் வைத்தேன். தினமும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு போன் செய்து மணியத்தை விசாரித்தேன். எட்டாம் நாள், கண் திறந்துவிட்டார், கஞ்சி கேட்டார் என்றார்கள். அப்பாடா என்றிருந்தது. அதோடு விசாரிப்பதையும் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பட்டியலில் கோகிலாவின் பெயர் இருந்தது. பாதியில் நின்ற ஸ்கேனை முடிக்க வருகிறார். எனக்குச் சந்தோஷம். நோயாளி வருவதற்கு முன்பே நூலை ஒரு முழம் வெட்டி மேசை மேல் எடுத்து வைத்தேன். காக் ஜாராவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இந்தத் தடவை அவசரமே இல்லை, அவர் கணவரே கட்டிவிடட்டும் என்று சொல்லத் தயாராக நின்றேன்.

அந்த அம்மா தனியாக வந்தார். சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். நான் நூலைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"அது வேணாம் அண்ணே. இப்ப கழட்ட ஒண்ணுமில்லலா. நேரா போலாம்."

பதினோராம் நாள் மணியம் போய்விட்டாராம். காக் ஜாரா அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ப் படுக்கவைத்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். வெட்டிய நூலை மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

முக்கால்வாசி முடிந்திருக்கும். மணி அடித்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வெளிய பெஞ்சில பாருங்க, யாராச்சும் இருக்காங்களா?"

திரையைப் பார்த்தேன். பெஞ்ச் காலியாக இருந்தது. அது போதாது என்று எழுந்து போய்க் கதவைத் திறந்து நேரிலும் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து மைக்கில், யாருமில்லம்மா என்றேன்.

"ம். சரி, எடுங்க."

படங்கள் சுத்தமாக விழுந்தன. அந்த அம்மா வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சிருங்கக்கா. அன்னைக்கு அவரு விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி?"

"அது எனக்குச் சொல்லத் தெரியல." செருப்பு வாரை இடது கையால் இழுத்துவிட்டார். "ஆனா காலையில கார்ல வாரப்பவே அவருக்கு வேர்த்துக்கிட்டே வந்திச்சி. மொகமெல்லாம் வெளுத்துப்போயி. கேட்டா, ஒண்ணுமில்ல, வெயிலுன்னாரு. வெயிலே இன்னும் வரல. அதான் அன்னைக்கின்னு பாத்து இதக் கழட்ட எனக்கு அவ்ளோ பயம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இங்கதான டாக்டருங்க எல்லாம் இருந்தாங்க."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"ஏன் பயப்படறேன்னு நீங்க கேக்கவே இல்லையே அண்ணே."